வாண்டில் ஆத்தங்கரையும் எங்க ஊர்ச் சாயவேரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. அசைன்மென்ட் கழுத்தை நெரிக்குது. ஆனா அந்த அசைன்மென்ட்டுதான் இந்தப் பதிவுக்கே காரணம், அதனால திட்ட மாட்டேன்.

விஷயம் இதுதான். ஃபோட்டோஷாப்புல ஒரு சதுரம் வரையணும். அதைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கினா, எங்க ஒட்டு இருக்குன்னே தெரியாம ஒரு முழுத் துணி மாதிரி வரணும். கேட்க சுலபமா இருக்கும். நான் பூவும் கொடியுமா ஒண்ணு வரைஞ்சு அடுக்கிப் பார்த்தா, பாத்ரூம் டைல்ஸ் ஒட்டின மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு. அப்புறம்தான் கூடப் படிக்கிற பையன் ஆஃப்செட் வித்தையைச் சொல்லிக் குடுத்தான். படத்தைப் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்தணும். இந்த ஓரத்துல வெளிய போறது அந்த ஓரத்துல உள்ள வரும். அப்போ நாலு ஓரத்து ஒட்டும் நட்டநடுவுல ஒரு சிலுவை மாதிரி வந்து நிக்கும். அதை க்ளோன் ஸ்டாம்ப் வெச்சு அழிச்சா வேலை முடிஞ்சது. கிம்ப்லயும் இதே கதைதான். காசில்லாதவங்க அதுலயே செய்யலாம், நான் அப்படித்தான்.

ஆசிரியர் பார்த்துட்டு, "நல்ல இங்கிலீஷ் சின்ட்ஸ் மாதிரி இருக்கே"ன்னார். பாராட்டுதான். ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் வரைஞ்சது எங்க ஊர்த் தேர்ல தொங்குற தொம்பைத் துணியை மனசுல வெச்சு. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டைல இன்னும் கையால எழுதுற கலம்காரித் துணி. அது எப்படிங்க இங்கிலீஷ் ஆச்சு?

தேட ஆரம்பிச்சா, பதில் நான் ரூம் எடுத்திருக்கற சட்டன்லேருந்து ரயில்ல ரெண்டாவது ஸ்டேஷன்ல இருக்கு. வாலிங்டன்.

சட்டன் பரோவுக்குள்ள ஓடுற சின்ன ஆறு வாண்டில். கார்ஷால்ட்டன் குளத்துல ஒரு ஊற்று, கிராய்டன் பக்கம் ஒரு ஊற்று, ரெண்டும் சேர்ந்து வாண்ட்ஸ்வொர்த்துல தேம்ஸ்ல போய் விழுது. நம்ம காவிரியைப் பார்த்த கண்ணுக்கு இது வாய்க்கால். ஆனா தெளிஞ்ச தண்ணி, நல்ல ஓட்டம். துணி வெளுக்கவும், அச்சுப் போட்டதை அலசவும் இதைவிட வேற என்ன வேணும்? 18ஆம் நூற்றாண்டுல இந்தக் கரை முழுக்கத் துணி அச்சடிக்கற பட்டறைகள். வாலிங்டன்ல இருந்த பட்டறையோட முதலாளி பேரு வில்லியம் கில்பர்ன்.

மனுஷன் 1745ல டப்ளின்ல பிறந்தவர். துணி அச்சுத் தொழில் பழகிட்டு லண்டன் வந்தார். வில்லியம் கர்ட்டிஸ் லண்டனைச் சுத்தி முளைக்கற செடிகொடிகளைப் பத்திப் போட்ட 'ஃப்ளோரா லண்டினென்சிஸ்' புத்தகத்துக்குப் படம் வரைஞ்சவர்ல இவரும் ஒருத்தர். தாவரத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்த கண்ணு அப்படியே துணிக்குப் போச்சு. கடல்பாசி, புல்லு, காட்டுப்பூ எல்லாம் மெல்லிசான மஸ்லின்ல காத்துல ஆடற மாதிரி. இவர் வரைஞ்ச டிசைன் ஆல்பம் ஒண்ணு, 200க்கும் மேல வாட்டர்கலர், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. ஒட்டு எங்கன்னு கண்டுபிடிக்க நான் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். ம்ஹூம்.

அந்தக் காலத்துல ஆஃப்செட் ஏது? மரக்கட்டைதான். கட்டையோட மூலைல சின்னச் சின்ன ஊசி இருக்கும். ஒரு தடவை அழுத்தினா துணில புள்ளி விழும், அடுத்த தடவை அந்தப் புள்ளி மேல ஊசியை வெச்சு அழுத்தணும். நிறத்துக்கு ஒரு கட்டை. நம்ம வீட்டுப் பெண்கள் புள்ளி வெச்சுக் கோலம் போடறாங்களே, அதே கணக்கு. அப்புறம் 1783ல தாமஸ் பெல் செதுக்கின செப்பு உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். உருளைக்கு ஓரமே கிடையாது பாருங்க, சுத்திட்டே இருக்கும். நம்ம ஆஃப்செட் செய்யறதும் அதுதான், படத்தை உருளையாக்கறது.

இங்கதான் சண்டை. கில்பர்ன் மாதிரி லண்டன்காரங்க மெனக்கெட்டு டிசைன் போடுவாங்க, வடக்கே லங்காஷயர் பட்டறைக்காரங்க அதை அப்படியே சுட்டு, மட்டமான துணில அடிச்சு, பாதி விலைக்கு வித்துத் தள்ளுவாங்க. கில்பர்னும் மத்தவங்களும் பார்லிமென்ட்டுக்கு மனுப் போட்டாங்க. 1787ல சட்டம் வந்துச்சு. துணி டிசைனுக்கு ரெண்டு மாசம் பாதுகாப்பு. ரெண்டே ரெண்டு மாசம்! 1794ல அதை மூணு மாசமாக்கினாங்க. இங்கிலாந்துல டிசைனுக்குன்னு வந்த முதல் காப்புரிமை இதுதான். ஆனாலும் கில்பர்ன் 1802ல திவாலானார், 1818ல செத்தும் போனார். படிக்கறப்போ பாவமாத்தான் இருந்துச்சு.

ஆனா பாவப்படறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

அவர் செஞ்ச தொழிலே சோழமண்டலக் கரைலேருந்து வந்தது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம்னு அந்தக் கரை முழுக்க எழுதின துணி கப்பல் கப்பலா இங்க வந்துச்சு. துவைச்சா சாயம் போகாத பருத்தித் துணியை அதுக்கு முன்னாடி ஐரோப்பா பார்த்ததில்லை. சின்ட்ஸ்ங்கற பேரே சீட்டித் துணிலேருந்துதான். அந்த மோகத்துல இங்க கம்பளி, பட்டு நெசவாளிங்க பிழைப்பு போச்சு. 1719ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிங்க காலிகோ உடுத்தின பெண்களைத் தெருவுல மறிச்சுத் துணியைக் கிழிச்சாங்க. 1700லயே அச்சிட்ட துணி இறக்குமதிக்குத் தடை. 1721 சட்டம் உடுத்தறதையே தடை செஞ்சுது, மீறினா 5 பவுண்டு அபராதம். அந்தத் தடை 1774 வரைக்கும் நீடிச்சுது. எங்க ஊர்த் துணியை வெளிய நிறுத்திட்டு, அந்த இடைவெளில இவங்க தொழிலைக் கத்துக்கிட்டாங்க.

எப்படிக் கத்துக்கிட்டாங்க? 1742ல கெர்டூன்னு ஒரு பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் இந்தக் கரைலேருந்து ஒரு கடிதம் எழுதினார். மதம் மாறின சாயக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் எழுதிட்டார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து ஊற வைக்கறது, ஊசியால குத்தின காகிதத்து மேல கரித்தூள் தட்டி டிசைனை இறக்கறது, சிவப்பு வர வேண்டிய இடத்துல படிகாரம் தடவிச் சாயவேர்ல கொதிக்க வைக்கறது, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டில முக்கறது. சமஸ்கிருதமும் லத்தீனும் ஒண்ணுக்கொண்ணு உறவுன்னு பின்னாடி எழுதினவரும் இவர்தான், கெட்டிக்காரர். சொல்லிக் குடுத்த சாயக்காரங்களுக்கு மட்டும் ரெண்டு மாசம் என்ன, ரெண்டு நாள் காப்புரிமைகூடக் கிடையாது.

இப்படி முஷ்டியை முறுக்கிட்டு ஆசிரியர்கிட்ட போகலாம்னு இருந்தேன். அப்போதான் இன்னொண்ணு கண்ல பட்டுது. 1643லயே கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் இங்கேருந்து எழுதறாங்க: சிவப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் தரைல பூ போடச் சொல்லுங்க, அப்போதான் விக்கும்னு. அப்புறம் மாதிரிப் படமே அனுப்பி வெச்சாங்க. நம்ம ஆளுங்க அதைப் பார்த்துத் தங்கள் கைக்கு வந்தபடி மாத்தி எழுதினாங்க. ஆக அந்த வெள்ளைத் தரைப் பூக்கொடி நூறு சதம் நம்மளுதுன்னும் சொல்ல முடியலை. ஆசிரியர் சொன்னது பாதி சரி, எனக்குச் சுருக்குன்னதும் பாதி சரி. கை எங்களுது, சாயம் எங்களுது, தரையோட நிறம் மட்டும் லண்டன் ஆர்டர். என் படத்தோட தரையும் வெள்ளைதான், யாரும் கேக்காமலே நான் வெள்ளை போட்டிருக்கேன். அதை நினைச்சா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் தரையைச் சாயவேர்ச் சிவப்பாக்கிட்டு மறுபடி அடுக்கினேன். ஒட்டு தெரியலை. பழைய வெள்ளை, புது சிவப்பு ரெண்டையும் அப்பாயிக்கு வாட்ஸப்புல அனுப்பினேன். வெள்ளையைப் பார்த்துட்டு "பெட்ஷீட்டாடா?"ன்னாங்க. சிவப்பைப் பார்த்துட்டு, "தொம்பைத் துணி மாதிரியே இருக்கு, ஆனா யாளி எங்க?"ன்னாங்க.

யாளி வரைஞ்சிட்டிருக்கேன். வால் மட்டும் ஓரத்துல வெட்டுப்படுது. 1881ல இதே ஆத்தங்கரைல மெர்ட்டன் அபில கடை விரிச்ச வில்லியம் மாரிஸ் பத்தி அடுத்த பதிவுல எழுதறேன், அவரும் அவுரித் தொட்டில கையை விட்டவர்தான். ஊர்ல யார்கிட்டயாவது பழைய தொம்பை, அஸ்மானகிரித் துணி படம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.