சுனாமியைக் கண்ட செய்மதியும் ஒரு பதிவேடும்

ஒவ்வொரு டிசெம்பரிலும் வகுப்பில் இந்தக் கேள்வி வரும். "சேர், மேலால இவ்வளவு செட்டலைட் சுத்துதே, ஒண்டுக்கும் சுனாமி தெரியலியா?"

தெரிந்தது. 2004 டிசெம்பர் 26 காலை, சுமாத்ரா அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் ஜேசன்-1 என்ற செய்மதி வங்காள விரிகுடாவைக் கடந்தது. ஆழ்கடலில் அலையின் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர் என்று அளந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் நமது கிழக்குக் கரையில் கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த அளவீட்டைப் பிரித்துப் பார்க்கவே பல மணித்தியாலம் சென்றது. அதனால் ஓர் உயிரையும் காப்பாற்றியிருக்க முடியாது. அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அளவீடு தொலையவில்லை. சுனாமி பரவும் விதத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் அதைத் தேடி எடுத்தார்கள். தேடினால் கிடைக்கும்படி அது இருந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு.

1957 ஜூலையில் சர்வதேச புவிப்பௌதிகவியல் ஆண்டு ஆரம்பமானது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அப்படியிருந்தும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகத் தரவு மையங்களை அமைத்து, பூமியைப் பற்றிய அளவீடுகளின் பிரதிகளை வைத்துக்கொண்டன. ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் இருக்கும் அல்லவா!

முப்பது வருடத்தில் பிரச்சினை வேறாகிவிட்டது. செய்மதிகள் நாடா நாடாவாகத் தரவை நிரப்பின. எது யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஒருவர் 'கடல் மட்டம்' என்று எழுதியதை இன்னொருவர் 'கடல் மேற்பரப்பு உயரம்' என்று எழுதிவைத்திருந்தார். 1987இல் அமெரிக்காவில் நடந்த ஒரு செயலமர்வில் இதற்கென ஒரு படிவம் உருவானது. பெயர் டிஐஎஃப். அதில் தரவு இருக்காது, தரவைப் பற்றிய விபரம் மட்டுமே: என்ன அளக்கப்பட்டது, எந்தக் கருவியால், எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எந்த அகலாங்கு நெட்டாங்குக்குள், இப்போது யாரிடம். நமது பாடசாலை நூலகத்தின் பட்டியல் அட்டை மாதிரித்தான். இந்த 'அட்டைகளை' நாசா ஒரே பதிவேட்டில் சேர்த்தது. ஒரு விடயத்துக்கு ஒரே சொல் என்று சொற்பட்டியலும் வகுத்தார்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் தங்கள் அட்டைகளைப் பரிமாறிக்கொண்டன.

விபரம் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? 1945இன் பிற்பகுதியில் உலகக் கடல்கள் திடீரென்று சுமார் 0.3 பாகை குளிர்ந்ததாகப் பழைய பதிவுகள் காட்டின. 2008இல்தான் காரணம் பிடிபட்டது. கடல் குளிரவே இல்லை! யுத்த காலத்தில் பெரும்பாலான அளவீடுகள் அமெரிக்கக் கப்பல்களுடையவை. இயந்திர அறைக்குள் வரும் நீரில் அளந்தவை. யுத்தம் முடிந்ததும் பிரித்தானியக் கப்பல்களின் பங்கு கூடியது. அவர்கள் வாளியால் அள்ளி அளந்தார்கள். வாளி நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும், தரம் 8 பிள்ளையும் சொல்லும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'வாளி' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அறுபது வருடக் குழப்பம் இல்லை.

போன வாரம் தரம் 11 பிள்ளைகளோடு நாசாவின் எர்த்டேட்டா பக்கத்தைத் திறந்தோம். இலவசம்தான், கைபேசியிலும் தேடலாம். ஜேசன்-1 என்று அடித்ததும் அதன் விபரம் வந்தது: கருவியின் பெயர், 2002இலிருந்து அளவீடுகள், வடக்கு 66 பாகையிலிருந்து தெற்கு 66 பாகை வரை. கேள்வி கேட்ட பிள்ளை திகதியை 2004 டிசெம்பர் 26 என்று மாற்றினாள். கோப்புகள் வரிசையாக வந்தன. உலகப் படத்தைப் பெரிதாக்கி முதலில் அவள் தேடியது நமது ஊரைத்தான்.