வட்டியை விட்டுக்கொடுத்த வாக்கு

கடன்பட்டவர் நொந்திருக்குங்கால் வட்டியைத் தள்ளி, அசலை மாத்திரம் பெற்றுக்கொண்டு கணக்கைத் தீர்ப்பது நம்மவர் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அவ்விதம் ஒப்புக்கொண்ட வாக்கு, கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்துமா? இக்கேள்வி இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை வரைக்கும் சென்ற வரலாற்றை நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

டாக்டர் போக்ஸ் என்பவர் பீர் அம்மையாருக்குக் கடன்பட்டிருந்தார். அம்மையார் பிராது செய்து, 1875-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கோர்ட்டுச் செலவு உட்பட 2,090 பவுன் 19 ஷில்லிங்குக்குத் தீர்ப்புப் பெற்றார். டாக்டர் தவணை வேண்டவே, 1876 டிசம்பர் 21-ல் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. 500 பவுன் உடனே செலுத்துவது. மிச்சத்தை ஜனவரி, ஜூலை மாதங்களின் முதல் தேதிகளில் 150 பவுன் வீதம் செலுத்துவது. அங்ஙனம் செலுத்தி வந்தால் தீர்ப்பின்மேல் அம்மையார் யாதொரு நடவடிக்கையும் எடுப்பதில்லை. வட்டி என்னும் சொல் அப்பத்திரத்தில் ஓரிடத்தும் இல்லை. டாக்டர் தொகை முழுவதையும் கட்டி முடித்தார். ஆனால் 1838-ஆம் வருஷத்துச் சட்டப்படி தீர்ப்புத் தொகைக்கு அந்நாளில் நூற்றுக்கு 4 வீதம் வட்டி இருந்தது. அம்மையார் அதனைக் கேட்டார்.

கீழ்க் கோர்ட்டில் டாக்டர் வென்றார். அப்பீல் கோர்ட்டில் தோற்றார். 1884 மே மாதத்தில் பிரபுக்கள் சபையும் அம்மையாருக்கே தீர்ப்பளித்தது. ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது 1602-ஆம் வருஷத்துப் பின்னெல் வழக்கு. பெருங்கடனுக்குக் குறித்த நாளிலே குறைந்த தொகை கொடுத்தால் கடன் முழுதும் தீராது; ஆனால் ஒரு குதிரையையோ, வேட்டைப் பருந்தையோ, அங்கியையோ கொடுத்து, கடன் கொடுத்தவர் ஏற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும் என்பது அதன் விதி. கிழட்டுக் குதிரைக்குள்ள மதிப்பு ஈராயிரம் பவுன் ரொக்கத்துக்கு இல்லாமற் போனது வேடிக்கையன்றோ!

பிளாக்பர்ன் பிரபு இதனை மனமார ஏற்கவில்லை. முழுத்தொகைக்கு வழக்காடி அலைவதைக் காட்டிலும் ஒரு பகுதி உடனே கைக்கு வருதல் லாபமென்பது வியாபாரிகள் தினமும் காணும் உண்மை என்றார். ஆயினும் மற்றைய பிரபுக்களின் கருத்துக்கு இணங்கிவிட்டார். அவ்விதியைத் திருத்த 2018-ல் வாய்ப்பு வந்தபோதும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தொடாது விட்டது.

நம் தேசத்து நிலை வேறு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர் முழுவதையோ ஒரு பகுதியையோ தள்ளிக் கொடுக்கலாம் என்கிறது. அதன் உதாரணமொன்றில், 5,000 ரூபாய் கடன்பட்டவர் உரிய காலத்தில் உரிய இடத்தில் 2,000 கொடுக்க, மற்றவர் அதனை முழுக்கடனுக்கும் ஈடாக ஏற்கிறார்; கடன் முழுதும் தீர்கிறது. குதிரையும் வேண்டுவதில்லை, பருந்தும் வேண்டுவதில்லை. இச்சட்டம் டாக்டர் போக்ஸ் தோற்பதற்கு 12 வருஷம் முன்னரே ஏற்பட்டது.