பாப் ஸ்மியர் டெஸ்ட் எப்படி வந்தது? கினி பன்றியில் தொடங்கிய கதை!

கருப்பைவாய் புற்றுநோய் வருவதற்கு முன்பே எச்சரிக்கும் டெஸ்ட், பாப் ஸ்மியர். உலகம் முழுக்க கோடிக்கணக்கான பெண்கள் எடுத்துக்கொண்ட இந்த டெஸ்ட், முதலில் செய்யப்பட்டது கினி பன்றிகளுக்குத்தான்.

யார் கண்டுபிடித்தது?

ஜார்ஜ் பாப்பனிகோலாவ். கிரீஸ் நாட்டு டாக்டர். 1913-ல் அமெரிக்கா போனவர், நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்குச் சேர்ந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் 'பாப்'.

என்ன பிரச்னை?

அவரது ஆய்வுக்கு, கினி பன்றியின் கருமுட்டை முதிரும் நேரத்தில் கிடைக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் எது என்று வெளியே பார்த்தால் தெரியாது. குத்துமதிப்பாக ஒரு நாளில் கொன்று பார்க்க வேண்டும். நேரம் தவறினால் அந்த உயிர் வீண்.

என்ன செய்தார்?

மூக்கின் உள்ளே பார்க்க டாக்டர்கள் பயன்படுத்தும் சின்ன கருவியை வைத்து, பிறப்புறுப்பில் இருந்து கொஞ்சம் திரவம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நாளுக்கு நாள் செல்களின் வடிவம் மாறியது. சுமார் 16 நாளில் அதே வரிசை திரும்ப வந்தது. சார்லஸ் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து 1917-ல் இதை வெளியிட்டார். இனி நாளைக் கண்டுபிடிக்க விலங்கைக் கொல்ல வேண்டாம்!

இப்போதும் இந்த முறை இருக்கா?

இருக்கு. ஆய்வக எலிகளுக்கு 4, 5 நாளில் ஒரு சுழற்சி முடிந்துவிடும். பிப்பெட்டில் சில சொட்டு உப்புநீரை மெதுவாக விட்டு, அப்படியே திரும்ப உறிஞ்சுவார்கள். உட்கரு இல்லாத தட்டையான செல்கள் நிறைய இருந்தால், எலி இனச்சேர்க்கைக்குத் தயார். வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தால், ஓய்வு நிலை. பிப்பெட் ஆழமாகப் போகக் கூடாது. கருப்பைவாயில் பட்டால் எலிக்குப் 'பொய்க் கர்ப்பம்' உண்டாகி, சுழற்சியே நின்றுபோகலாம்.

பெண்களுக்கு எப்படி வந்தது?

அடுத்து பெண்களிடம் மாதிரி எடுத்தார் பாப்பனிகோலாவ். அவர் மனைவி ஆண்ட்ரோமகியே பல வருடங்கள் மாதிரி கொடுத்தார். அப்போதுதான் சில ஸ்லைடுகளில் புற்றுநோய் செல்கள் தெரிந்தன. 1928-ல் இதைச் சொன்னபோது மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் 1941-ல் ஆதாரங்களை வெளியிட்ட பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று பாப் ஸ்மியருடன் எச்.பி.வி. டெஸ்டும் இருக்கிறது. பொதுவாக 30 வயதில் இருந்து பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சில நிமிட வேலைதான். 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்று தள்ளிப்போட வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாதபோதே கண்டுபிடிப்பதுதான் இந்த டெஸ்டின் பலன்.