ஏ-32: ஆளரவமற்ற ஒரு வீதியின் வரலாறு

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே புறப்படுவோரில் மிகப் பெரும்பாலானோர் ஆனையிறவைக் கடந்து கண்டி வீதியாலேயே செல்கின்றனர். நாவற்குழியில் பிரிந்து தனங்கிளப்பு, கேரதீவு, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், விடத்தல்தீவு ஊடாக மன்னாரை அடையும் ஏ-32 வீதியை நாடுவோர் குறைவு. அண்மைக் காலமாக, அவசரமின்றி வாகனம் ஓட்டிச்சென்று இயற்கையை இரசிப்பதற்கு உகந்த வீதி என்று இது புகழப்படுகின்றது. அதில் பொய் ஏதுமில்லை. பனங்கூடல்களும் வயல்வெளிகளும் பற்றைக்காடுகளும் மாறி மாறி வரும். எதிரே ஒரு வாகனம் தென்படுவதற்குச் சில வேளைகளில் நெடுநேரம் ஆகும். ஆனால், இந்த அமைதி இயற்கை தந்தது மட்டுமன்று. மனிதர்கள் வெளியேறியதாலும் வெளியேற்றப்பட்டதாலும் உண்டான அமைதியும் இதில் கலந்திருக்கின்றது.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே கடல்நீரேரி குறுக்கிடுகின்றது. முன்னர் இதனைப் 'பாதை'யிலேயே கடக்கவேண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையையே ஈழத்தில் பாதை என்கிறோம். வீதி முடிந்த இடத்தில் மிதவையே பாதையாகிவிடுகின்றது. 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரி 16ஆம் திகதி திறக்கப்பட்டதோடு இங்கு அந்தச் சொல்லுக்கு வேலையில்லாமல் போயிற்று. பாலத்தின் நடுவே நின்றால் இருபுறமும் ஆழமற்ற நீரும், அதில் நடப்பட்ட மீன்பிடித் தடிகளும், பருவகாலமாயின் பறவைகளும் தெரியும்.

பூநகரியை வெறும் இடைவழி ஊராகக் கருதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இப்பிரதேசத்தில் மேற்கொண்ட ஆய்வுகள் 1993இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' என்ற நூலாக வெளிவந்தன. பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்களும் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகளும் இம்மண்ணின் தொன்மையைக் காட்டின. யாழ்ப்பாணத்தை வெளியிலிருந்து அணுகும் தெற்கு வாசலாக இது விளங்கியதால் போர்த்துக்கேயர் இங்கே ஒரு கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். சதுர வடிவம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள், அவ்வளவே. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆங்கிலேயர் காலத்தில் இது வழிப்போக்கர் தங்கும் விடுதியாயிற்று. யாழ்ப்பாணத்து வீடுகளிலோ பூநகரியின் பெயர் கோட்டையால் நிலைக்கவில்லை. மொட்டைக்கறுப்பன் அரிசியால் நிலைத்தது.

ஆங்கிலேயர் கைவிட்ட கோட்டையின் கேந்திர முக்கியத்துவத்தை இருபதாம் நூற்றாண்டின் போர் மீண்டும் கண்டுகொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவும் பூநகரியும் படைமுகாம்களாக இருந்தபோது, குடாநாட்டு மக்கள் இரண்டுக்கும் நடுவே கிளாலியில் இரவுநேரப் படகேறினர். அந்தக் கடலில் உயிரிழந்தோர் பலர். 1993 நவம்பர் 11ஆம் திகதி பூநகரி முகாமை விடுதலைப் புலிகள் தாக்கினர். பின்னர் அவர்களது கட்டுப்பாட்டிலிருந்த இக்கரையோரத்தை நோக்கி 2008இல் இராணுவம் தெற்கிலிருந்து முன்னேறியது. ஜூலை 16இல் விடத்தல்தீவு வீழ்ந்தது. நவம்பர் 15இல் பூநகரி வீழ்ந்தது. இன்று ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டிச்செல்லும் தூரத்தைக் கடக்க நான்கு மாதங்கள்.

அந்த நான்கு மாதங்களில் வீதியோரக் கிராமங்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. மக்கள் கிழக்கே நகர்ந்தனர். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று தொடர்ந்த அந்த நடை 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டு, அதன்பின்னரே தங்கள் கூரையற்ற வீடுகளுக்குத் திரும்பினர். திரும்பாதவர்களின் காணிகளே இன்று பயணிகளின் கண்ணுக்குப் பசுமையான பற்றைகளாகத் தெரிகின்றன. முழங்காவிலில் இருந்த மாவீரர் துயிலும் இல்லமும் இடித்தழிக்கப்பட்டது. பின்னாளில் மக்கள் அவ்விடத்தைத் துப்புரவு செய்து கார்த்திகை மாதத்தில் மீண்டும் விளக்கேற்றத் தொடங்கினர்.

வெள்ளாங்குளத்துக்குத் தெற்கே காட்சி மாறுகின்றது. இலுப்பைக்கடவையைத் தாண்டி விடத்தல்தீவை நெருங்கும்போது கண்டற்காடுகளும் சேற்றுத்தரைகளும் விரிகின்றன. இங்கே அரசு பிரகடனப்படுத்திய இயற்கை ஒதுக்கிடம் உண்டு. பறவை நோக்குவோர் தொலைநோக்கிகளோடு வருகின்றனர். இவ்வூரில் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, விடத்தல்தீவு முஸ்லிம்களும் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுப் போயினர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. 2008இல் இவ்வீதி காலியானதை எழுதும் தமிழன், அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அது ஒருமுறை காலியாக்கப்பட்டதையும் எழுதத்தான் வேண்டும். நம்மவர் கட்டுரைகளில் இது பெரும்பாலும் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றது, அல்லது அதுவுமில்லை.

அடுத்து வருவது மாந்தை. பண்டைய மாதோட்டத் துறைமுகம் இதுவே. 1980களின் முற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீன மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் ஒரே மண்ணில் வெளிப்பட்டன. 1984இல் போர்ச்சூழல் அந்த ஆய்வை நிறுத்தியது. சோழராட்சியில் இவ்வூர் இராசராசபுரம் என்று பெயர்பெற்றிருந்ததையும், தாழிகுமரன் என்ற அதிகாரி இங்கே இராசராச ஈஸ்வரத்தை எடுப்பித்ததையும் கல்வெட்டொன்று கூறுகின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீஸ்வரம் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டு, ஆறுமுக நாவலர் 1872இல் விடுத்த வேண்டுகோளின் பின்னரே மீண்டும் நினைவுக்கு வந்தது. அது முழுக்கோயிலாக எழுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

அக்கோயிலுக்குச் செல்லும் வீதியோரத்தில் 2013 டிசம்பரில் நீர்க்குழாய் பதிப்பதற்காக மண்ணைத் தோண்டிய தொழிலாளர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். தொடர்ந்து நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியபோது எண்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. பழைய மயானம் என்றனர் சிலர். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அதனை ஏற்கவில்லை. இறந்தவர்களின் பெயர்கள் இன்றுவரை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மதவாச்சியிலிருந்து வரும் வீதி வந்து சேர்கின்றது. கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாகப் போனது அந்தத் திசையில்தான். அவர்களில் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அது வேறொரு வீதியின் கதை, தனியாக எழுதவேண்டும்.