தவணை யாருக்குத் தள்ளிப்போகிறது? ஆட்சி மாற்றமும் அரச கடனும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

2024 செப்டெம்பர் 19ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், இலங்கை அரசும் அதன் சர்வதேசப் பிணைமுறிகளை வைத்திருந்த தனியார் கடன்கொடுநரும் கொள்கையளவில் உடன்பாடு கண்டதாக அறிவிக்கப்பட்டது. 21ஆம் திகதி வாக்களிப்பில் ஆட்சி மாறியது. ஒக்டோபரில் புதிய அரசு அதே உடன்பாட்டை ஏற்றது. டிசெம்பரில், ஏறத்தாழ 1,250 கோடி டொலர் பெறுமதியான பழைய பிணைமுறிகளுக்குப் பதிலாகப் புதியவை வழங்கப்பட்டன. கடனின் நிலைபேறு பற்றி மாற்று மதிப்பீடு ஒன்றைச் செய்வோம் என்று தேர்தல் மேடையில் சொன்ன தேசிய மக்கள் சக்தி, நாடாளுமன்றத்தில் 225இல் 159 ஆசனங்களைப் பெற்ற பிறகும் அதைச் செய்யவில்லை.

இதை ஒரு சாரார் துரோகம் என்கிறார்கள், மற்றொரு சாரார் பக்குவம் என்கிறார்கள். இரண்டுமே கட்சியின் மனத்தை ஆராய்கின்றன. கட்டுப்பாடு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. 2023இன் மத்திய வங்கிச் சட்டம், திறைசேரிக்குப் பணம் அச்சிட்டுக் கொடுக்கும் வழியை அடைத்துவிட்டது. 2024இன் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் நிறுத்துகிறது. 2023 மார்ச்சில் கையெழுத்தான சுமார் 300 கோடி டொலர் சர்வதேச நாணய நிதியத் திட்டம், வட்டிச் செலவை நீக்கிப் பார்க்கும் முதன்மை மிகையாக, 2025இலிருந்து உற்பத்தியின் 2.3 வீதத்தைக் கேட்கிறது. இவை மூன்றும் முந்தைய நாடாளுமன்றத்தின் காலத்தவை.

மின்கட்டணத்தின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2025 ஜனவரியில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்தை 20 வீதம் குறைத்தது. நாணய நிதியத்தின் நான்காவது மீளாய்வு, செலவை ஈடுசெய்யும் விலைக்குத் திரும்பினால்தான் நிறைவேறும் என்றானது. ஜூனில் கட்டணம் 15 வீதம் ஏறியது; ஜூலை முதலாம் திகதி மீளாய்வு நிறைவேறியது.

ஆகவே இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி வேறு. சிக்கனத்தால் அரசின் ஏட்டில் குறைந்த கடன் எந்த ஏட்டுக்குப் போனது? மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இதற்கு விடை கிடைக்கிறது: கணிசமான பகுதி வீடுகளின் ஏட்டுக்குப் போயிருக்கிறது. கடன் மறுசீரமைப்பு என்பது யாருடைய தவணையைத் தள்ளிவைப்பது என்ற அரசியல் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ஆட்சி மாற்றம் திறந்து பார்க்கவில்லை என்பதே என் வாதம்.

மண்ணெண்ணெயிலிருந்து தொடங்கலாம். வாவிக்குள் தோணியில் துடுப்புப் போட்டு வலை விரிப்பவருக்கு இது பெரிய செலவில்லை. முகத்துவாரம் வழியே கடலுக்குப் போகும் சிறிய இயந்திரப் படகுக்கு அதுவே முதல் செலவு. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. 2024 ஒக்டோபரில் 183க்கு இறங்கியது. புதிய அரசு கடற்றொழிலாளருக்கு லீற்றருக்கு 25 ரூபா மானியமும் அறிவித்தது. அதைக் கழித்த பிறகும் அப்போது பழைய விலையின் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேலாக இருந்தது. படகு போகாத நாளில் வீட்டில் உலை வைக்கக் கடன்தான் வழி. மீன் வாங்கும் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கினால் பிடிபடும் மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். நகையை அடகு வைத்தால் வட்டி ஏறும். அரசு மானியத்தில் மிச்சம்பிடித்த ரூபா இப்படியாக அந்த வீட்டின் கடனாக எழுதப்படுகிறது. தேசியக் கணக்கில் அது எங்குமே தெரிவதில்லை.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இதற்கு இன்னொரு முகம். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி ஊர்களுக்குப் போருக்குப் பிறகு வீதியும் பாலமும் வந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் துறையில் காத்திருந்த காலம் முடிந்தது. அதே வீதியில் நுண்நிதி நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. ஒரு வளவில் பெண்கள் கூடுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் சிறு புத்தகம். ஒருவர் அந்தக் கிழமைத் தவணையைக் கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்குபோட்டுக் கட்டும்வரை கூட்டம் கலையாது. பிணையாக வைக்கப்படுவது அயலாரின் உறவு. 2021இன் இரசாயன உரத் தடையில் விளைச்சல் விழுந்தபோதும், 2022இல் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோதும் அந்தக் கூட்டம் கூடியது. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன் எடுப்பது அங்கே புதிதில்லை.

இந்த ஏட்டைப் பிணைமுறி ஏட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பிணைமுறியில் அரசுக்கு முதல்தொகையில் 27 வீதக் குறைப்பும் கால நீட்டிப்பும் கிடைத்தன. பொருளாதாரம் டொலர் கணக்கில் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கடன்கொடுநருக்குக் கூடுதல் கொடுப்பனவும் உண்டு. வங்கிக் கடன் கட்ட முடியாத தொழில் முயற்சிகளுக்காக, நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம்விட வங்கிகளுக்கு உள்ள பராட்டே அதிகாரம் 2025 மார்ச் வரை இடைநிறுத்தப்பட்டது. உள்நாட்டுக் கடன் சீராக்கத்தில் வங்கிகளின் திறைசேரிப் பிணைமுறிகள் தப்பின. 2023இல் ஊழியர் சேமலாப நிதியின் பிணைமுறிகளே குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. அதாவது தொழிலாளியின் முதுமைக்கால வருமானம் பங்களிப்பாக எடுக்கப்பட்டது. நுண்கடன் புத்தகத்துக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

செய்ய முடியாத காரியமென்று சொல்லவும் முடியாது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய பெண்களின் நுண்கடனை அரசே தீர்க்க முன்வந்தது. அந்த 12இல் மட்டக்களப்பும் ஒன்று. குறைகள் இருந்தன. ஆனாலும் குடும்பக் கடன் அரசின் கடமைக்குள் வரக்கூடியது என்பதற்கு அது முன்னுதாரணம்.

எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. 2019 இறுதியின் வரிக்குறைப்பு திறைசேரியை வெறுமையாக்கியது. வருமானத்தைக் கூட்டாமல் பணவீக்கம் அடங்கியிருக்காது. பணவீக்கம் முதலில் அடிப்பதும் கூலிக்காரரைத்தான். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கேள்வி, வருமானம் யாரிடமிருந்து, எந்த வேகத்தில் என்பதே. பெறுமதி சேர் வரி 2022இன் 8 வீதத்திலிருந்து 2024 ஜனவரியில் 18 வீதமாக, சொன்ன நாளில் ஏறியது. அதே திட்டத்தில் 2025க்குள் வரவேண்டிய சொத்து வரியும் வாரிசு வரியும் வரவில்லை. நிபந்தனைகள் எல்லாமே இறுக்கமானவை என்றால் இந்த இரண்டு மட்டும் ஏன் நெகிழ்ந்தன? நெகிழ்ச்சிக்கு இடம் இருந்திருக்கிறது. வசதியுள்ளவர் பக்கம்தான் அது பயன்பட்டது. சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம், வீடுகளின் ஏட்டில் விழும் இந்த இடைவெளியை நிரப்பாது. வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணும் அதன் தெரிவு முறைக்கு, அந்த வீடு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது தெரியாது. நிரப்ப வேண்டிய இடைவெளியும் பெரியது: உலக வங்கி மதிப்பீட்டில் நாட்டின் வறுமை 2019இன் 11.3 வீதத்திலிருந்து 2023இல் 25.9 வீதமானது.

மட்டக்களப்பின் வாக்கையும் இங்கேதான் வாசிக்க வேண்டும். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் இது: ஐந்து ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கும் முஸ்லிம் காங்கிரஸுக்கும் ஒவ்வொன்று. காணி, மேய்ச்சல் தரை, அதிகாரப் பகிர்வு ஆகிய கேள்விகள் இதில் இருந்தன, இருக்கவும் வேண்டும். மேய்ச்சல் தரைக்கான மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளரின் போராட்டம் வாழ்வாதாரப் போராட்டமும்தான். ஆனால் சிக்கனத்துக்கு எதிரான வாக்கு என்று இதைச் சொல்லிவிட முடியாது. இங்கே கடனை முன்வைத்து எந்தப் பெரிய கட்சியும் வாக்குக் கேட்கவில்லை. ஆளும் தரப்பு உடன்படிக்கையைக் காட்டி ஒதுங்குகிறது. தமிழ்த் தரப்பு பொருளாதாரத்தைக் கொழும்பின் விடயமாக விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிழமைத் தவணைக்குப் பிரதிநிதி இல்லை.

வெளிநாட்டுக் கடனின் முதலைத் திருப்பிக் கட்டும் சுமை 2028இல் கூடும். அதற்கு முன், 2018 திட்டத்தை அடிப்படையாக வைத்து, பிரதேச செயலகம் தோறும் குடும்பக் கடனைப் பதிவுசெய்து, வட்டியாகவே முதலுக்கு மேல் கட்டி முடித்தவர்களின் மீதியைத் தள்ளுபடி செய்யலாம். சொத்து வரியின் முதல் ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் முதன்மை மிகையின் இலக்கு குலையாது. இந்தக் கோரிக்கையை வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எழுப்ப மட்டக்களப்பின் ஐந்து உறுப்பினர்களுக்கும் கட்சித் தலைமையின் அனுமதி தேவையில்லை.