குருவியின் இரைப்பையும் மக்களின் பட்டினியும்

1958 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19 ஆந் திகதி அதிகாலை, பீக்கிங் நகரிலே விசித்திரமான போரொன்று தொடங்கியது. ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் அதிலே பங்குபற்றினர். கூரைகளிலும் மதில்களிலும் மரக்கிளைகளிலும் ஏறி நின்று, சேகண்டி, மேளம், தகரப்பேணி, சட்டிபானை எனக் கையிற் கிடைத்ததையெல்லாம் தட்டி ஓசை எழுப்பினர். கம்புகளிற் கட்டிய துணிகளை வீசினர். எதிரியோ உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குருவி. எங்கும் அமரவிடாது விரட்டப்பட்ட குருவிகள் பறந்து பறந்து களைத்து வீழ்ந்தன. வீழாதவற்றுக்கு நஞ்சூட்டிய இரையும் துப்பாக்கியும் காத்திருந்தன. மூன்று நாள் முடிவிலே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட குருவிகள் கொல்லப்பட்டனவெனக் கணக்குக் காட்டப்பட்டது.

சீன விஞ்ஞானக் கழகத்தின் தலைவராகவும் புகழ்பெற்ற கவிஞராகவும் விளங்கிய குவோ மோ-ஜோ, அதே நாட்களிலே குருவியைச் சபித்து ஒரு கவிதை எழுதிப் பத்திரிகையிலே வெளியிட்டார். அவருடைய கழகத்தின் விலங்கியல் நிலையத்திலே பணிபுரிந்த ஒருவர் குருவியைப்பற்றிக் கண்டறிந்திருந்தது முற்றிலும் வேறு.

இப்பழங்கதையை நாம் இன்று கிளறுவதற்குக் காரணம் உண்டு. முற்போக்கு முகாமிலே நிற்போர் இதனை அதிகம் பேசியதில்லை. பேசியோரிற் பலர், வெகுஜனங்கள் ஒன்றுசேர்ந்து எதைச் செய்தாலும் அது மூடத்தனத்திலேதான் முடியும் என்று காட்டுவதற்காகவே பேசினர். நடந்ததை நடந்தபடி ஆராயும் பொறுப்பை நாம் கைவிட்டால், அதனைத் திரித்துரைக்கும் உரிமையைப் பிறருக்கு நாமே கொடுத்தவராவோம்.

குருவியின்மேல் விழுந்த பழி முற்றும் ஆதாரமற்றதன்று. கதிர் முற்றும் காலத்திலே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் குருவியைச் சீன விவசாயி நண்பனாகக் கருதியிருக்க முடியாது. ஒரு குருவி ஓராண்டிலே தின்னும் தானியத்தைக் கணக்கிட்டு, அதனைக் கோடிகளாற் பெருக்கிப் பார்த்தால், எத்தனையோ மக்களின் உணவு கணக்கிலே தெரியும். இந்தப் பெருக்கற் கணக்குத்தான் 1956 ஆம் ஆண்டின் விவசாய அபிவிருத்தித் திட்ட நகலுக்குள்ளும் புகுந்தது. எலி, இலையான், நுளம்பு ஆகியவற்றோடு குருவியும் ஒழிக்கப்படவேண்டிய நாற்பகைகளுள் ஒன்றாயிற்று. முதல் மூன்றையும் ஒழிக்கும் முயற்சி பொதுச் சுகாதாரத்துக்கு நன்மை செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. கணக்குப் பிழைத்தது நான்காவதிலே.

அந்தக் கணக்கிலே விடுபட்டதைத் தேடிச் சென்றவர் செங் சோ-சின். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்று 1930 இல் நாடு திரும்பிய இவர், சீனப் பறவையியலின் தந்தையர்களுள் ஒருவர் எனலாம். இவரும் துணைவரும் ஹோபெய் மாகாணத்திலும் பீக்கிங்கின் புறநகர்ப் பகுதிகளிலும் 848 குருவிகளைப் பிடித்து, அவற்றின் இரைப்பைகளை அறுத்து, உள்ளே இருந்ததை எண்ணிப் பார்த்தனர். குளிர்காலத்திலே புல்விதைகள் மிகுதியாகக் காணப்பட்டன. அறுவடைக் காலத்திலே தானியம் இருந்தது உண்மையே. ஆயினும் இனப்பெருக்கக் காலத்திலே தாய்ப்பறவைகள் குஞ்சுகளுக்குக் கொண்டுசென்று ஊட்டியவை பெரும்பாலும் பூச்சிகளும் புழுக்களுமே. தானியம் தின்னும் பறவையாயினும், வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதத்தைப் பூச்சியிலிருந்துதான் அது பெறவேண்டியிருக்கிறது. ஆகவே குருவி நன்மை செய்வதா தீமை செய்வதா என்று மொத்தமாகக் கேட்பதே தவறு; எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் என்று கேட்கவேண்டும் என்பதே 1957 இல் வெளியான அவ்வாய்வின் சாரம்.

குருவியினம் நமது வேளாண்மையோடு எவ்வளவு நெருங்கியது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. நம் வீட்டு இறப்புகளிற் கூடுகட்டும் சிட்டுக்குருவி, சீனக் குருவியின் நெருங்கிய உறவினம். சீனக் குருவியின் கன்னத்திலே கரும்பொட்டு ஒன்று இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதரை அண்டி வாழும் சிட்டுக்குருவியின் மரபணுக்களை, மனிதரை அண்டாத அதன் கிளையினத்தோடு ஒப்பிட்டது. மாப்பொருளைச் செரிப்பதோடும் மண்டையோட்டின் அமைப்போடும் தொடர்புடைய மரபணுக்களிலே இயற்கைத் தேர்வின் தடங்கள் காணப்பட்டன. மனிதன் உழத் தொடங்கியதனால் ஒரு பறவையின் உடலே மாறியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டு நீடித்த இத்தகைய உறவைச் சேகண்டி அடித்து மூன்று நாளில் முறிக்கலாமென எண்ணியதுதான் வியப்பு.

எச்சரித்தவர் செங் மட்டுமல்லர். இளமையிலே பிரான்சுக்குச் சென்று தொழிற்சாலையில் உழைத்துக்கொண்டே உயிரியல் கற்ற சூ சீ என்பவர், 1956 இல் நடைபெற்ற விலங்கியலாளர் மாநாட்டிலே, குருவியைப் பகையாகக் கொள்வது தவறென்று வெளிப்படையாகவே கூறினார். பழம் தின்னும் குருவிகளைக் கொல்ல ஆணையிட்டுவிட்டுப் பின்னர் பழத்தோட்டங்கள் புழுக்களுக்கு இரையாவதைக் கண்ட பிரஷ்ய மன்னன் பிரெடெரிக்கின் கதையை அவர் எடுத்துக்காட்டினார். இத்தகைய குரல்கள் முற்றாக வீண்போகவில்லை. 1957 இல் திருத்தப்பட்ட திட்டத்திலே, நகரங்களிலும் வனப்பகுதிகளிலும் உள்ள குருவிகளைக் கொல்லாது விடலாம் என்று சேர்க்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டின் மாபெரும் பாய்ச்சலிலே அத்திருத்தத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. மேலே கூறிய ஏப்பிரல் வேட்டை நடந்தது தலைநகரிலேயே அல்லவா?

1959 இல் விஞ்ஞானிகள் மீண்டும் வாதாடினர். அவ்வாண்டு நவம்பரிலே விஞ்ஞானக் கழகத்தின் கட்சிக் குழு, குருவியின் நன்மை தீமைகள் பற்றிய அறிக்கையொன்றை மேலிடத்துக்கு அனுப்பியது. 1960 மார்ச்சிலே, இனிக் குருவியைக் கொல்ல வேண்டாம், அதனிடத்திலே மூட்டைப்பூச்சியைச் சேர்த்துக்கொள்க என்று மாஓ சேதுங் பணித்தார். இரண்டே ஆண்டுகளிலே தவறு திருத்தப்பட்டதெனச் சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். அந்த இரண்டாண்டுகளுக்குள் நடந்தது என்ன?

1959 முதல் 1961 வரை சீனத்தைப் பீடித்த பஞ்சத்திலே மாண்டோர் தொகையை ஆய்வாளர் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலு கோடிக்கு மேல்வரை பலவாறு மதிப்பிடுவர். இதிலே குருவியின் பங்கு எவ்வளவு என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 2025 இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று அதனை அளக்க முற்பட்டது. குருவி வாழ்வதற்கு மிக ஏற்ற மாவட்டங்களையும் அவ்வளவு ஏற்காத மாவட்டங்களையும் வேறுபடுத்தி, வேட்டைக்கு முன்னும் பின்னும் விளைச்சலை ஒப்பிட்டனர். குருவிக்கேற்ற தன்மை ஒரு நியமவிலகல் அளவு கூடிய இடத்திலே நெல் விளைச்சல் 5.3 வீதமும் கோதுமை விளைச்சல் 8.7 வீதமும் கூடுதலாக வீழ்ந்திருந்தன. குருவி வேட்டையினால் நேர்ந்த மேலதிக மரணங்கள் ஏறத்தாழ இருபது இலட்சம் என்பது அவர்களின் மதிப்பீடு.

இவ்வாய்வு கூறும் இன்னொன்று நமக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. விளைச்சல் குறைந்தமை மட்டுமே மக்களைக் கொல்லவில்லை. அரசின் தானியக் கொள்முதல் அவ்விழப்பை மேலும் கடுமையாக்கியது. கீழ்மட்ட அதிகாரிகள் விளைச்சலை ஊதிப் பெருக்கி அறிக்கை அனுப்பினர். அவ்வறிக்கையை நம்பி மேல்மட்டம் பங்கு கேட்டது. உழுதவன் வீட்டிலே உலை கொதிக்கவில்லை. பூச்சி தின்றது ஒரு பங்கு, பொய்க்கணக்கு தின்றது மறு பங்கு. கூரையேறிப் பேணி தட்டிய பள்ளிச் சிறுவன் இதற்குப் பொறுப்பாளியல்லன். அவனிடம் இரைப்பை ஆய்வைக் காட்டியவர் எவருமில்லை. காட்டியிருந்தால் அவன் விளங்கிக்கொண்டிருப்பான் என்பதே நமது துணிபு. வெகுஜனங்களை நம்புகிறோம் என்று முழங்கியோர், உண்மையைச் சொல்லுமளவுக்கு அவர்களை நம்பவில்லை.

இலங்கையர்க்கும் இக்காலத்தோடு ஒரு தொடர்புண்டு. 1952 இன் இரப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்படி நமது இரப்பர் சீனத்துக்குச் சென்றது. சீனத்து அரிசி நமது உலைக்கு வந்தது. வல்லரசொன்றின் மிரட்டலுக்குப் பணியாது செய்துகொண்ட அவ்வொப்பந்தத்தை நாம் பெருமையுடன் நினைவுகூர்வது நியாயமே. அந்த அரிசியை விளைவித்த விவசாயியின் பிற்கால நிலையைக் கேட்டறிய மறந்தது நியாயமன்று.

எச்சரித்தவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். சூ சீ 1962 இல் காலமானார். கலாசாரப் புரட்சியின்போது, குருவியைச் சாட்டித் தலைவரைத் தாக்கியவர் என்ற குற்றச்சாட்டிலே அவருடைய கல்லறை உடைக்கப்பட்டது. செங் சோ-சின் குற்றவாளியென அறிவிக்கப்பட்டார். நடைகூடம் பெருக்கவும் மலகூடம் கழுவவும் பணிக்கப்பட்டார். அவருடைய அறிவைச் சோதிப்பதற்கென ஒரு பரீட்சையும் வைத்தனர். வெவ்வேறு பறவைகளின் உறுப்புகளை ஒட்டிச் செய்த பாடம்பண்ணிய பறவையொன்றை அவர்முன் வைத்து, இதன் இனம் யாதெனக் கேட்டனர். அத்தகைய பறவை உலகில் இல்லை. அவர் பரீட்சையிலே தவறிவிட்டதாகத் தீர்ப்பளித்தனர்.

2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சீன அரசு வெளியிட்ட, பாதுகாக்கப்படவேண்டிய பயன்தரு காட்டுயிர்களின் பட்டியலிலே குருவியும் இடம்பெற்றது. செங் சோ-சின் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1998 இல், காலமாகிவிட்டார்.