எங்கிருந்து பேசுகிறீர்கள்?

உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் வரும் வழியில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பிரியும் ஒரு விலக்கில், இரவு ஒன்பது மணி வாக்கில் இரண்டு பேர் பைக்கோடு விழுந்து கிடந்தார்கள். அவசர எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல். பொறுமையான குரல்தான். முதல் கேள்வி: “எங்கிருந்து பேசுறீங்க சார்?” சொன்னேன். எந்த ஊராட்சி, எந்தத் தாலுகா, பக்கத்தில் என்ன அடையாளம் என்று அடுத்தடுத்துக் கேட்டார். “பெரிய ஆலமரம் இருக்கும்மா” என்றேன். ஆலமரம் அவருடைய திரையில் இல்லை.

இதே கேள்வியைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் வேறு அர்த்தத்தில் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம். எந்தச் சாதியிலிருந்து பேசுகிறாய், எந்த வர்க்கத்திலிருந்து, ஆணாகவா பெண்ணாகவா என்று மேடைக்கு மேடை சண்டை போட்டிருக்கிறோம். கட்டுப்பாட்டு அறை கேட்பதும் அதுதானோ என்ற சந்தேகம் அன்றிரவு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் கார்களில் வானொலி வந்தது. ஒருவழி வானொலி. தலைமையகம் பேசும், காரில் இருப்பவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டுமானால் இறங்கிப் போய் டெலிபோன் தேட வேண்டும். 1932இல் ஜெர்மனியில் பெர்டோல்ட் பிரெக்ட், வானொலி வெறும் விநியோகக் கருவியாகக் கிடக்கிறது, கேட்பவனையும் பேசவைக்கிற தொடர்புக் கருவியாக அதை மாற்ற வேண்டும் என்று வாதாடினார். அடுத்த ஆண்டே மாற்றினார்கள். மாற்றியது போலீஸ்! 1933இல் நியூஜெர்சியின் பயோன் நகரில் ரோந்துக் கார்கள் பதில் பேசத் தொடங்கின. அதே 1933இல் நாஜிகள் மலிவு விலை வானொலிப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்கக் காது, வாய் ஒன்றே ஒன்று. அதே 1933இல்தான் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பது குற்றம் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் போகவில்லை. அதன் இடத்துக்கு வேறு சட்டம் நிறைவேறியது 2023இல். யாருக்கு வாய், யாருக்குக் காது என்கிற பங்கீட்டில் நம் அரசுகளுக்கு அவ்வளவு அக்கறை.

எங்கள் பக்கத்தில் அதற்கு ‘மைக்’ என்று பெயர். “மைக்ல வந்துச்சு”, “மைக்ல சொல்லிவிட்டாங்க” என்பார்கள். தேனி 1996இல்தான் தனி மாவட்டம் ஆனது; அதுவரை மதுரைதான் தலைமை. என் பிள்ளைப்பிராயத்தில் ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தால் உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் கேட்டபடி இருக்கும். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தினால் வாய், விட்டால் காது. ஆனால் பேசுவது அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை ஸ்டேஷனுக்கும் கேட்கும். ‘ஐயா’ ஓர் ஏட்டைத் திட்டினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும், காலையில் டீக்கடைக்கும் வந்துவிடும். அதிகாரத்தின் படிநிலை அப்படியே இருந்தது, அதன் உள்ளே ஒருவிதமான பொதுவெளியும் இருந்தது. இதைப் புகழ்ந்து சொல்லவில்லை. நடந்தது அப்படி.

கணினி வந்ததும் இந்தப் பொதுக்காது மூடிக்கொண்டது. இப்போது அழைப்பு ஒரு பதிவு. அதற்கு ஓர் எண். வந்த நேரம், வகை, இடம் எல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பப்படும். எந்த வண்டி சும்மா நிற்கிறது, எது அருகில் இருக்கிறது என்று இயந்திரம் கணக்குப் போடும். அந்த வண்டிக்கு மட்டும் செய்தி போகும். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் வரை எழுதப்படும். இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை: எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது இயந்திரத்துக்குப் பிசகில்லாமல் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. அங்கே ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தாளில் எழுதி, ஓடும் பட்டையில் போட்டு அனுப்புவார்கள். அதை வாங்கி வண்டி ஒதுக்குபவருக்குத் தன் பகுதி அத்துபடி. 1992 அக்டோபர் 26ஆம் தேதி தாளை எடுத்துவிட்டு முழுக்கக் கணினிக்கு மாறினார்கள். வண்டிகளின் இருப்பிடம் தப்பும் தவறுமாக வந்து சேர்ந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது, இன்னோரிடத்துக்கு ஒன்றும் போகவில்லை. காத்திருந்தவர்கள் திரும்பத் திரும்ப அழைக்க, எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து திரைக்கு வெளியே ஓடி மறைந்தன. மறுநாளே பாதி பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் 4ஆம் தேதி விடிகாலையில் கணினி அப்படியே உறைந்து நின்றது. அறைக்குள் இருந்த மனிதர்களின் தலையிலிருந்த ஊர் அறிவு, அவர்களைத் தாண்டிப் போன பிறகுதான் அறிவு என்று தெரிந்தது.

தமிழ்நாட்டில் 2008இல் 108 வந்தது. மாநிலம் முழுமைக்கும் சென்னையில் ஓர் அறை. 112 என்ற ஒற்றை எண் 2018 நவம்பரில் இமாசலத்தில் தொடங்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநிலங்களுக்கு வந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று தனித்தனியாகக் கிடந்த வலைகளை ஒரு வாசலில் கோர்ப்பதுதான் நோக்கம். பேச்சு மையத்துக்குப் போகிறது, விளிம்பு தன் பெயர்களை இழக்கிறது என்று இந்த இடத்தில் எழுதி முடித்துவிடலாம். நானே முன்பு அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒரு சேரித் தோழர் மறித்தார். “உள்ளூர் அறிவுங்கறீங்களே, அது யாரோட அறிவு? லோக்கல்ல சொன்னா, சொன்ன பத்தாவது நிமிசம் அவிங்களுக்குத் தெரிஞ்சிரும். மெட்ராஸ்ல இருக்குற பொண்ணுக்கு நான் யாருன்னே தெரியாது. அதுதான் எனக்கு வேணும்.” என்னிடம் பதில் இல்லை. 1989இல் போடியைச் சுற்றிச் சாதிக் கலவரம் எரிந்தபோது போன் இருந்த வீடுகள் எந்தத் தெருவில் இருந்தன? ஸ்டேஷன் படியேறாமல் புகார் சொல்ல வேறென்ன வழி இருந்தது? இன்று தொலைவில் ஓர் எண்ணோடு பதிவான அழைப்பை “அப்படி யாரும் சொல்லவேயில்லை” என்று மறுப்பது கஷ்டம். போலீஸ்காரரின் “ஏய்” என்ற குரலுக்குத் திரும்பிப் பார்ப்பதில்தான் மனிதன் அரசின் தன்னிலை ஆகிறான் என்றார் அல்தூசர். காலங்காலமாகக் கூப்பிடப்பட்டவர்கள் திருப்பிக் கூப்பிடுவதை, அதுவும் நேரம் குறித்துப் பதிவாகும்படி கூப்பிடுவதை, அவர் கணக்கில் எங்கே வைப்பது? ஆலமரம் எனக்கு அடையாளம். அதன் அடியில் உட்கார விடப்படாதவருக்கு அது அடையாளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் மலை இந்த வாதத்துக்கும் அடங்குவதில்லை. 2018 மார்ச் 11. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே, ஒத்தமரம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சரிவில், மலையேற்றத்துக்கு வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கேயும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக இறந்தார்கள். கொழுக்குமலை தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், ஆனால் அதற்கு வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். கீழே குரங்கணியிலிருந்து நடைபாதை மட்டும். போடியிலிருந்து வண்டியில் போவதென்றால் போடிமெட்டு ஏறி, மாநில எல்லை தாண்டி, சுற்றி வளைத்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். இங்கே ‘அருகில் உள்ள வண்டி’ எது? வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஒரு விடை, சக்கரத்தைக் கேட்டால் ஒரு விடை, காலைக் கேட்டால் வேறொன்று. தீ பிடித்த சரிவுக்குக் காலின் விடைதான் பொருந்தியது. குரங்கணிப் பக்கத்து மக்களும் வனத்துறையினரும் ஏறினார்கள். போலீசும் தீயணைப்புப் படையும் வந்தன. விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. போலீஸ் வயர்லெஸ் ஒரு வலை, வனத்துறையின் வயர்லெஸ் இன்னொன்று, செல்போன் மற்றொன்று, ஹெலிகாப்டரின் வானொலி வேறொன்று. இவற்றை ஒரு திரையில் இணைக்கும் தொழில்நுட்பம் உலகத்தில் இருக்கிறது. ‘ஒத்தமரம்’ என்ற சொல்லை அந்தத் திரையில் யார் தட்டச்சு செய்வது என்பதில்தான் சிக்கல்.

எல்லை மெட்டுகளில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். செல்போனுக்கு மாநிலம் கிடையாது, கோபுரம்தான் உண்டு. குமுளிக்கோ கம்பம்மெட்டுக்கோ ஏறும்போது கையிலிருக்கும் போன் சத்தமில்லாமல் அந்தப் பக்கத்துக் கோபுரத்துக்கு மாறிவிடும். அழைப்பு எந்த மாநிலத்து அறையில் மணியடிக்கும் என்பதை மலையின் வளைவு தீர்மானிக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுக்காகப் பள்ளத்தாக்கு முழுக்கக் குமுளியை நோக்கித் திரண்டபோது, ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்த நம் பெண்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு காட்டுவழியாக இறங்கி வந்தார்கள். அந்த வாரத்தில் மெட்டுக்கு மேலே நின்று, தமிழில், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்வதற்கு என்ன துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

விலக்கில் அன்றிரவு வண்டி வந்துவிட்டது. வருவதற்கு முன் என் போன் அடித்தது. அறை இல்லை, வண்டி ஓட்டுநர். சீலையம்பட்டிப் பக்கத்துப் பையன் போல, பேச்சிலேயே தெரிந்தது.

“அண்ணே, ஆலமரத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா?”

“அங்கிட்டுப்பா. பந்தல் ஓரம்.”

“சரிண்ணே, வந்துட்டேன்.”